குறுக்கே கிடந்த குழாய்

திங்கட்கிழமை காலை
மாவட்ட அலுவலகத்து வேன் வந்து
எங்கள் மலைச்சாலையின் குறுக்கே
கருப்பு ரப்பர்க் குழாய் ஒன்றைக் கிடத்தி
இரு முனையிலும் ஆணி அறைந்துவிட்டுப் போயிற்று.
கம்பத்தோடு பூட்டிய இரும்புப் பெட்டி
ஒரு வாரம் எண்ணுமாம்,
எத்தனை அச்சுகள் ஏறி இறங்கின என்று.

எண்ண என்ன இருக்கிறது?

வேல்ஸின் இந்தப் பக்கத்து மலைகளில்
சாலைக்கு நடுவே புல் முளைக்கும்,
வகிடு எடுத்த இடத்தில் மட்டும்
முடி வளர்ந்தாற்போல்.
இருபுறமும் ஒரு முழம் தார்.
எனக்கு ஒன்று போதும்,
மற்றதை எதிரே வருபவருக்கு விட்டுவைப்பேன்.
எதிரே வருபவர்
அநேகமாக ஒரு செம்மறி.

மூன்றாம் வளைவில் ஏற்றம் செங்குத்து.
அங்கே பேச்சு நிற்கும், பாட்டு நிற்கும்,
வேலிக்குப் பின்னால் ஒரு பசு
புல்லைப் பிடுங்குவது கேட்கும்.
சங்கிலிக்கு எண்ணெய் விட்டு
எத்தனை நாளாயிற்று என்பதை
உலகத்தில் இங்கேதான் நான் கேட்டிருக்கிறேன்.
மேலே பிளந்த வால் பருந்து ஒன்று
மிதிக்காமலே ஏறிக்கொண்டிருக்கும்.

செவ்வாயன்று கெதின் வாசல் கேட்டில் சாய்ந்து சொன்னார்:
எண்ணிக்கை குறைந்தால் தார் கிடையாதாம்.
பாலத்துக்கு இந்தப் பக்கம்
அப்படியே விட்டுவிடுவார்களாம்.
பிப்ரவரியில் அவர் மனைவி டெக்வென்
இடுப்பெலும்பு முறிந்து
ஆம்புலன்ஸில் இந்த வழியாகத்தான் போனாள்.
குழிக்கு ஒரு கெட்ட வார்த்தை என்று
பாலம் வரை பதினொன்று வைத்திருந்தாளாம்,
பன்னிரண்டாவதற்கு அழுதுவிட்டாளாம்.

புதன்கிழமை தொடங்கினோம்.
கெதின் காரணமே இல்லாமல்
நான்கு சக்கர வண்டியில் தீவனம் கொண்டுபோனார்,
மறந்துவிட்டதாகத் திரும்பக் கொண்டுவந்தார்.
நான் மிதித்தேன், திரும்பினேன், மிதித்தேன்.
ஒவ்வொரு தடவையும் சக்கரத்தின் கீழ்
விக்கல் எடுத்தது குழாய்.
அவர்களுடைய நாய் மோட் கூட
ஏதோ விளையாட்டென்று குறுக்கே தாவியது.
வியாழன் மாலை டெக்வென்
புது இடுப்போடு மெல்ல நடந்து வந்து
ஊன்றுகோலை ஓங்கி
குழாயை அடித்தாள், அடித்தாள்,
மூச்சு வாங்கும் வரை அடித்தாள்.

சனிக்கிழமை இரவு எனக்குத் தூக்கம் இல்லை.
புதுத் தார் போட்டால்
வழிகாட்டும் செல்போன்கள் இதைக் கண்டுபிடிக்கும்,
குறுக்கு வழி என்று சொல்லும்.
கோடை முழுக்கக் கார்கள்,
படுக்கை வைத்த வேன்கள்.
அப்புறம் நடுவில் புல் ஏது?

இந்த அமைதிக்கு வாடகை உண்டு.
அதை நான் கொடுத்ததில்லை.
ஆம்புலன்ஸில் மல்லாந்து படுத்திருந்தவள்
கொடுத்திருக்கிறாள்.
இது தெரிந்தும்
ஞாயிறு விடியலில், யாரும் பார்க்கவில்லை,
சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு
குழாயைத் தாண்டினேன்.

பத்தடி நடந்திருப்பேன்.
முள்வேலி முழுக்க வெள்ளைப் பூ.
திரும்பி வந்து, ஏறி உட்கார்ந்து,
மிதித்தேன். இன்னொரு முறையும்.

திங்கட்கிழமை அதே வேன்.
இளைஞன் ஒருவன் ஆணியைப் பிடுங்கிக்கொண்டே
என் டயரைப் பார்த்துச் சிரித்தான்:
"சைக்கிள் எடைக்கெல்லாம் பெட்டி அசையாதுங்க."
பிறகு திரையைப் பார்த்தான், தலையைச் சொறிந்தான்.
"ஆனால் வியாழன் ஆறு மணிக்கு
முப்பத்தேழு அச்சு வைத்த ஏதோ ஒன்று
இந்த வழியாகப் போயிருக்கிறதே,
அப்படி ஒரு லாரி இங்கே யாரிடம்?"

கெதின் வானத்தைப் பார்த்தார்.
டெக்வென் ஊன்றுகோலை
மெதுவாகக் கதவுக்குப் பின்னால் சாய்த்துவைத்தாள்.

அவன் எழுதிக்கொண்டானா, அடித்துவிட்டானா, தெரியாது.
சாலையில் நான்கு ஆணித் துளைகள்.
நான் பெடலில் கால் வைத்தேன்.
சங்கிலி எண்ணெய் கேட்டது.